வால் பக்கம் நிற்கிறவர்

நூர்ஜமால் முதலில் தன் எடையைச் சொல்லிவிடுவார். கம்பளி மூட்டை நிறுக்கிற பழைய தராசு மேடையில் ஏறி நின்று, முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, ஹெலிகாப்டர் இறங்குதளத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரலில், "எண்பத்தாறு!" என்பார். அதன் பிறகுதான் பயணிகள் பக்கம் திரும்பி, "ம், வாங்க. ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்று கூப்பிடுவார்.

எங்கள் கோக்-ஜார் மலை மேய்ச்சல் நிலத்தில் மனிதர்களை நிறுப்பது மரியாதையான காரியம் அல்ல. நிறுப்பது ஆட்டை, அதுவும் விற்கப்போகிற ஆட்டை. ஆனால் நாலடி பத்தங்குல உயரமுள்ள ஒரு பெண் தன் எண்பத்தாறு கிலோவை ஊரறிய ஒப்பித்த பிறகு, மாட்டேன் என்று சொல்ல எந்த ஆணுக்கும் வாய் வருவதில்லை. அவருக்கு முன்னால் இருந்த பொறுப்பாளர் தராசு வைக்கவில்லை, வாயால் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெண்கள் பத்து கிலோ குறைத்துச் சொன்னார்கள். ஆண்களோ, பருமன் செழிப்புக்கு அடையாளம் என்பதால், பத்து கிலோ கூட்டிச் சொன்னார்கள். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பயணம் செய்த நாட்களில் அது உண்மையாகவும் இருந்தது. மற்ற நாட்களில் ஹெலிகாப்டர் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, யோசித்து, திரும்ப உட்கார்ந்தது.

எங்கள் தளம் இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த இடம். கீழே நகரத்தில் ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு துள்ளிப் போகிற அதே எந்திரம், இங்கே மதிய வெயிலில் மூன்று பேருக்கே மூச்சு வாங்கும். எங்களிடம் இரண்டு ஹெலிகாப்டர்கள். மலையேறிகளின் மூட்டைகளைச் சுமக்கிற பெரியதற்கு ஒட்டகம் என்று பெயர். சின்னதற்குக் குதிரைக்குட்டி. சின்னதில்தான் கோடைதோறும் நாலைந்து பயிற்சி விமானிகள் மலையில் இறங்கக் கற்றுக்கொள்வார்கள். நான் அங்கே காற்றுமானியையும் வானொலியையும் பார்த்துக்கொள்கிறவன். உயரமான கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருப்பவன் என்றும் சொல்லலாம், நூர்ஜமால் அப்படித்தான் சொல்வார்.

அவர் இந்த வேலைக்குப் படித்து வந்தவரில்லை. பதினொரு வருடம் பேருந்தில் நடத்துநர். பிறகு அந்தத் தடம் நின்றுபோயிற்று. கணவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அதைப் பற்றி யாராவது அனுதாபமாகக் கேட்டால், "ஸீட்டு காலி. அவ்வளவுதான்" என்பார். எங்கள் தளத்துக்குச் சமையல்காரியாக வந்தார். மேலாளர் எஷிம் ஒருநாள், பசித்த பதினாறு மலையேறிகளைக் கரண்டியும் கையுமாக அவர் சமையல் கூடாரத்துக்கு வெளியே ஒற்றை வரிசையில் நிறுத்தியிருந்ததைப் பார்த்தார். சமையலறையிலிருந்து ஆட்களை விரட்டத் தெரிந்தவருக்கு இறங்குதளத்திலிருந்து விரட்டத் தெரியாதா என்று அவருக்குத் தோன்றியது. எஷிம் எடுத்த முடிவுகளில் சரியானது என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான், அதையும் அவர் நல்ல சமையல்காரியை இழந்தோமே என்று நீண்ட நாள் வருந்தினார்.

படிப்பு சாப்பாட்டுக் கூடாரத்தில்தான் நடந்தது. தலைமை விமானி துர்சுன் அங்கே பயிற்சி விமானிகளுக்குப் பாடம் எடுப்பார். ஒல்லியான மனிதர், தேவைக்குமேல் ஒரு சொல் பேசமாட்டார். தட்டு கழுவுகிற சாக்கில் நூர்ஜமால் கேட்டுக்கொண்டிருப்பார். வாலில் அந்தச் சின்ன விசிறி எதற்கு என்று துர்சுன் கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. மாணவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கும் புரிவதற்கும் உள்ள தொடர்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

"திருகைக் கல்லு சுத்திப் பாத்திருக்கீங்களா?" என்றார் நூர்ஜமால் பின்னாலிருந்து. "மேல் கல்லை இந்தப் பக்கம் சுத்துனா, கீழ் கல்லை யாரும் பிடிக்கலைன்னா, அது எதிர்ப்பக்கம் சுத்தப் பாக்கும். மேல இருக்கிற பெரிய இறக்கைதான் மேல் கல்லு. நீங்க உக்காந்திருக்கிற வண்டி கீழ் கல்லு. வால்ல இருக்கிற விசிறி, கீழ் கல்லைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற கை. கை விட்டுச்சுன்னா நீங்க மாவு."

துர்சுன் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "சரின்னு சொல்ல முடியாது" என்றார். "தப்புன்னும் சொல்ல முடியல. எழுதிக்கங்க."

இந்தப் பெண்ணிடம் நான் வியந்தது இதைத்தான்: எல்லோரும் ஹெலிகாப்டரின் மூக்கைப் பார்க்கும்போது அவர் வாலைப் பார்த்தார். படம் எடுத்துக்கொள்கிறவர்கள் மூக்குப் பக்கம் நிற்பார்கள். வணக்கமும் கைகுலுக்கலும் கதவுப் பக்கம். வால் பக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே இருக்கிற விசிறியும், சுற்றத் தொடங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியாது. மார்பு உயரத்தில் சுற்றுகிற அந்த இல்லாமைதான் உலகம் முழுக்கத் தரையில் நிற்கிறவர்களைக் கொன்றிருக்கிறது. விமானிக்கு முதுகில் கண் இல்லை. ஆகவே இறக்கை சுற்றுகிற நேரமெல்லாம் நூர்ஜமால் வாலிலிருந்து பத்து எட்டு தள்ளி, கூட்டத்துக்கும் வாலுக்கும் நடுவில், கைகளை விரித்துக்கொண்டு நிற்பார். வாழ்நாள் முழுக்கக் குரலால் பிழைத்தவருக்கு, குரல் செல்லுபடியாகாத ஒரே இடத்தில் வேலை அமைந்தது. அந்த இரைச்சலில் அவர் கத்துவது அவருக்கே கேட்காது. ஆனாலும் கத்துவார்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. சுற்றுகிற இறக்கைக்கு அடியில் போகும்போது குனிய வேண்டும், எந்திரம் நிற்கப்போகிற சமயத்தில் காற்றடித்தால் இறக்கை நுனி தாழ்ந்து வரும். உயரமானவர்கள் பெயருக்குத் தலையைச் சாய்ப்பார்கள். குனியவே அவசியமில்லாத நூர்ஜமால் மட்டும் இடுப்பு வளைய, கிட்டத்தட்டத் தவழ்ந்து போவார்.

"ஏஜே, மசூதியில கூட நீங்க இவ்வளவு குனியறதில்லையே" என்று ஒரு மாணவன் கேலி செய்தான். ஏஜே என்றால் அக்கா.

"அல்லா நின்னு கேப்பார்டா" என்றார். "இது கேக்காது. சுத்திக்கிட்டே இருக்கும்."

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் மழை அடித்து, ஆற்றுப் பாலம் போயிற்று. ஒரு வாரம் குதிரைக்குட்டிதான் எங்களுக்குப் பாலம். அந்த வாரம் பார்த்து மாம்பெத் அக்சகல் வீட்டுக்குச் சம்பந்திகள் வருவதாக இருந்தது.

அக்சகல் என்றால் வெண்தாடிக்காரர், ஊர்ப் பெரியவருக்கு நாங்கள் கொடுக்கிற பட்டம். மாம்பெத்துக்கு எழுபத்தொரு வயது. எங்கள் தளம் இருப்பது அவருடைய மக்கள் மேய்க்கிற புல்வெளியில். மேய்ச்சல் குழுவுக்கு அவர் தலைவர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் நாங்கள் அங்கே இறங்கலாம். அதனால் அவருடைய கடைக்குட்டிப் பெண்ணின் கல்யாணம் எங்கள் தளத்துக்கும் முக்கியமான கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் நாள் குறிக்க வந்தார்கள். துர்சுன் காலைக் குளிரிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம். விருந்தாளி குதிரையில் வந்தால் வீட்டுக்காரர் எதிரே போய்க் கடிவாளத்தைப் பிடித்து, கைகொடுத்து இறக்கிவிட வேண்டும். விருந்தாளி தானாக இறங்கிவிட்டால் வீட்டுக்காரருக்கு இழுக்கு. சம்பந்தி தானாக இறங்கினால், அதை மூன்று தலைமுறை பேசும். மாம்பெத் முப்பது உறவினர்களோடு தளத்துக்கு வந்து நின்றதும் நூர்ஜமாலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்சகல், இறக்கை நிக்கிற வரைக்கும் இந்தக் கயித்தைத் தாண்டாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷம் சம்பந்தியைக் குதிரை மேலயே உக்கார வெச்சுட்டு நான் வேடிக்கை பாக்கணுமா?"

"குதிரைக்குத் தலைக்கு மேல கத்தி இல்லையே."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"கல்யாணம் நின்னா திரும்பப் பேசலாம். தலை போனா எதை வெச்சுப் பேசுவீங்க?"

உறவினர் யாரோ சிரித்துவிட்டார்கள். மாம்பெத் ஒப்புக்கொண்டார். தலையில் அவர் அணிந்திருந்தது புதுக் கல்பாக்: வெள்ளைக் கம்பளியில் உயரமாகத் தைத்து, கறுப்பு விளிம்பு மடித்த எங்கள் தொப்பி. அதைத் தரையில் வைக்க மாட்டோம். அடுத்தவருக்குக் கடன் கொடுக்க மாட்டோம். கீழே விழுந்தால் மனிதனே விழுந்த மாதிரி.

"அந்தத் தொப்பியைக் கழட்டிக் கோட்டுக்குள்ள வெச்சுக்குங்க, அக்சகல்."

"சம்பந்தி முன்னாடி மொட்டைத் தலையோடயா? இதுக்கு நீ என்னை வீட்டுலயே போர்வையைப் போத்திக்கிட்டுப் படுக்கச் சொல்லலாம்."

நூர்ஜமால் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கயிற்றில் ஜெயித்தாயிற்று, தொப்பியில் தோற்கலாம் என்று நினைத்திருப்பார். அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஹெலிகாப்டர் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அப்போதுதான் சுமை குறையும். அதனால் அந்த நேரத்தில் கையை விட்டு நழுவுகிற பொருள் எதுவாக இருந்தாலும், காற்று அதை வால் பக்கமாகக் கொண்டுபோகும். குதிரைக்குட்டி புல்லைத் தொட்டது. இறக்கை கிளப்பிய காற்றில் மாம்பெத்தின் கல்பாக் எழும்பி, விளிம்பில் நின்று, ஒரு சக்கரம் போல உருண்டு, ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் ஓடிற்று. முப்பது உறவினர்களும் சம்பந்திகளும் பார்த்துக்கொண்டிருக்க, மாம்பெத் கயிற்றைத் தாண்டினார். முதலில் நடந்தார். பெரியவர்கள் ஓடக்கூடாது. பிறகு கல்பாக் அவரைவிட வேகமாகப் போயிற்று.

கொட்டகையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் குனிந்து, கண்ணைத் தொப்பியிலேயே வைத்து, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை நோக்கிப் போனார். அந்த ஒன்றுமில்லாத இடம் உறுமிக்கொண்டிருந்தது. நூர்ஜமால் கைகளை வீசினார், கத்தினார். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு ஓடினார். குள்ளமான பருமனான பெண்கள் ஓடும்போது பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்பார்கள். எனக்கு அன்று வேடிக்கையாக இல்லை. அவர் பக்கவாட்டில் வந்து, ஆட்டை மடக்குவது போல மாம்பெத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு புரண்டார். இரண்டு பேரும் விழுந்தார்கள். எழ முயன்ற மாம்பெத்தின் மேல் நூர்ஜமால் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறக்கை நிற்கும்வரை, மூன்று நிமிடமும், உட்கார்ந்தே இருந்தார். கல்பாக் இருவருக்கும் அடியில் ரொட்டியாகக் கிடந்தது.

துர்சுன் எந்திரத்தை நிறுத்தினார். கதவு திறந்தது. கைகொடுக்க ஆளில்லாததால் சம்பந்தி தானாகவே இறங்கினார். இறங்கி, புல்லில் கிடந்த மாம்பெத்தையும் அவர் மேல் உட்கார்ந்திருந்த அம்மாளையும் ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார்.

"வரவேற்பு பலமாத்தான் இருக்கு" என்றார்.

மாலையில் மாம்பெத்திடமிருந்து எஷிமுக்கு ஆள் வந்தது. இரண்டு நிபந்தனைகள். ஒன்று, நூர்ஜமால் சம்பந்திகள் முன்னிலையில் குதிரையும் மேலங்கியும் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவரை அவமதித்தால் குதிரையும் மேலங்கியும்தான் எங்கள் பழைய தண்டம். இரண்டாவது, "ஆபத்து ஒண்ணும் இல்லை, நான்தான் பயந்துபோய்த் தள்ளிட்டேன்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த அம்மாள் தளத்தை விட்டுப் போக வேண்டும். அவர் போகாவிட்டால் தளம் போக வேண்டும்.

எஷிம் கெட்டவரில்லை. பயந்தவர். பயந்தவர்கள் எல்லா விஷயத்தையும் சின்னதாக்கிப் பார்ப்பார்கள்.

"ஏஜே, ஒரே ஒரு வாக்கியம். சொல்லிட்டு வந்துடுங்க. காத்துல போற வார்த்தைதானே."

"காத்துல போறதெல்லாம் வால் பக்கம்தான் போகும், எஷிம்."

"விளையாடாதீங்க. உங்க வேலை போயிடும்."

"குதிரை குடுக்கறேன். கோட்டு குடுக்கறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன், வயசுல பெரியவர். ஆனா நாளைக்கு மாப்பிள்ளையோட கூட்டாளிங்க வருவானுங்க. 'மாம்பெத் போனாரே, ஒண்ணும் இல்லைன்னு அந்தப் பொம்பளையே சொல்லிருச்சே'ன்னு அதே வழியா நடப்பானுங்க. அன்னைக்கு அவனுங்களை யார் மடக்குறது, உன் வாக்கியமா?"

எஷிம் என்னைப் பார்த்தார். நான் காற்றுமானியைப் பார்த்தேன்.

நூர்ஜமாலிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை இருந்தது. மற்றபடி அவருக்கென்று இருந்ததெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கும். மறுநாள் காலையில் குதிரையை ஆற்றில் குளிப்பாட்டி, பிடரி மயிரைச் சீவிவிட்டார். போகும் வழியில் என் கொட்டகைக்கு வந்தார்.

"வானிலைக்காரரே, துர்சுன் பைகே எத்தனை மணிக்கு வர்றார்?" பைகே என்றால் அண்ணன்.

"இன்னும் அரை மணி நேரத்துல."

"நேத்து எறக்குன தடத்துலயே குதிரைக்குட்டியோட காலை வெக்கச் சொல்லுங்க. அந்த இடத்தை யாரும் மிதிக்காம நேத்துலேருந்து கயிறு கட்டி வெச்சிருக்கேன். ஒரு விரல் கூடத் தள்ளக் கூடாதுன்னு சொல்லுங்க."

சொன்னேன். துர்சுன் வானொலியில் ஏன் என்று கேட்கவில்லை. ஈரப் புல்லில் பதிந்திருந்த இரண்டு நீளத் தடங்களுக்குள், செருப்புக்குள் காலை நுழைப்பது போல, குதிரைக்குட்டியை இறக்கினார். அவர் ஓட்டியதிலேயே அழகான இறக்கம் அது என்று மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டிய முப்பது பேரும் அப்போது மாம்பெத்தின் கூடாரத்தில் இருந்தார்கள்.

நானும் பின்னால் அங்கே போனேன். சம்பந்திகள் மூன்று பேரும் மேலிடத்தில் உட்கார்ந்து குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் இல்லாததால் அவர்கள் கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை. நூர்ஜமால் குதிரையை வாசலில் கட்டிவிட்டு, மடித்த மேலங்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"அக்சகல், உங்களைக் கீழ தள்ளினேன். தப்பு என் மேல. உங்க கல்பாக்கை நசுக்கினேன். தப்பு என் மேல. உங்க மேல உக்காந்தேன். நான் எவ்வளவு கனம்னு இந்த ஊருக்கே தெரியும். அதுவும் தப்புதான்."

பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணினேன். தொப்பியோட உங்களை அங்க நிக்க விட்டேன். அதுக்குத்தான் இந்தக் குதிரை."

மாம்பெத் தாடியைத் தடவினார். தலையில் பழைய கல்பாக். "மீதியைச் சொல்லு."

"மீதியைச் சொல்ல மாட்டேன்."

"வால் எங்கயோ இருந்துச்சு, நான் எங்கயோ இருந்தேன். சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பொய்யாயிடும், அக்சகல்."

அப்போது சம்பந்தி, வேறு பொழுதுபோக்கு இல்லாத மனிதர், கோப்பையைக் கீழே வைத்தார். "எவ்வளவு தூரம்தான் இருந்துச்சு?"

"இருபது எட்டு" என்றார் மாம்பெத்.

"நாலு எட்டு" என்றார் நூர்ஜமால்.

"இருபதுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு கூடாரம் போட்டுக் குடும்பமே நடத்தலாமே" என்றார் சம்பந்தி. "போய்ப் பாத்துட்டு வருவமா? உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு."

எல்லோரும் போனோம். கயிறு அப்படியே இருந்தது, புல் அப்படியே இருந்தது, குதிரைக்குட்டி இறக்கை அசையாமல் நேற்றைய இடத்தில் நின்றது. மாம்பெத் எஷிமையோ துர்சுனையோ நூர்ஜமாலையோ ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, மண்டியிட்டு, தரையைப் பார்த்தார்.

மனிதர்களிடம் கௌரவத்துக்காக ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடியவர்தான் மாம்பெத். ஆனால் ஐம்பது வருடம் தொலைந்த குதிரைகளின் தடம் பார்த்துப் போனவர். தடத்தைத் தப்பாக வாசிப்பது அவருக்கு வராது, விரும்பினாலும் வராது.

"இது என் பூட்ஸ்" என்றார். யாரிடமும் இல்லை, தரையிடம். "வலது குதி தேஞ்சது." இரண்டு எட்டு தள்ளி நகர்ந்தார். "இங்க நடந்திருக்கேன்." இன்னும் நகர்ந்தார். விரலை ஒரு குழியில் விட்டுப் பார்த்தார். "இங்க நுனிக்கால் ஆழமா இருக்கு. ஓடியிருக்கேன்."

பெரியவர் ஓடினார் என்பதை உறவினர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள்தான், வாயால் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இது இவ." பக்கவாட்டிலிருந்து வந்த, குட்டையும் ஆழமுமான தடங்கள். "இவளும் ஓடியிருக்கா." பிறகு புல் பிய்ந்து மண் தெரிந்த இடம். மாம்பெத் அங்கே எழுந்து நின்று, நேற்று போன திசையில் பார்த்தார். இடுப்பிலிருந்து குதிரைச் சாட்டையை உருவி, கையை நீட்டினார். சாட்டைப் பிடியின் நுனி வால் விசிறியின் இறகைத் தொட்டது. விசிறி கொஞ்சம் அசைந்து கொடுத்தது. நிற்கும்போது அது சாதுவான பொருள்.

இருபதும் இல்லை, நாலும் இல்லை. ஒரு கையும் ஒரு சாட்டையும்.

மாம்பெத் நீண்ட நேரம் கையை மடக்கவில்லை. பிறகு சாட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு சம்பந்தியிடம் திரும்பினார்.

"அந்தக் குதிரையைப் பாத்தீங்களா? வாங்க, பல்லு எப்படி இருக்குன்னு பாப்போம்."

அவ்வளவுதான். நன்றி இல்லை. இரண்டாவது நிபந்தனையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. குதிரையை வாங்கிக்கொண்டார், மேலங்கியையும் வாங்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றியவளிடமே தண்டம் வாங்குகிற மனிதனை என்னவென்று சொல்வது? தளத்துக்குத் திரும்புகிற வழியில் நூர்ஜமாலிடம் அதைச் சொன்னேன். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் குதிரையை அவர் குட்டியிலிருந்து வளர்த்திருந்தார்.

"உங்களுக்குக் காத்து மட்டும்தான் புரியும்" என்றார். "அவர் குதிரையை வாங்கலைன்னா, ஒரு பொம்பளை தள்ளி விழுந்த கிழவனா சாகுற வரைக்கும் இருப்பார். வாங்கிட்டார், தீந்துபோச்சு. இப்ப நான் அவரைத் தள்ளினது நியாயமாயிடுச்சு."

"அப்ப வேலை?"

"அது தெரியல" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பத்து எட்டு தள்ளி நிக்கிறேன்ல, அது ரொம்பத் தூரம். இனிமே ரெண்டு எட்டு கிட்டப் போய் நிக்கணும்."

அந்தச் செப்டம்பர் முழுக்க எஷிம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அனுமதிக் கடிதம் வரும்வரை ஆளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று அவருக்கு முடிவு கட்டத் தெரியவில்லை. கல்யாணம் நடந்தது. எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது, நூர்ஜமாலுக்கும் வந்தது. அவர் போய், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டார். மாம்பெத் அவர் இருந்த திசையில் ஒரு தடவையும் பார்க்கவில்லை. ஆனால் ஆட்டின் வால் கொழுப்புத் துண்டு, மதிப்புள்ள பெண் விருந்தாளிக்கு வைக்கிறது, அவர் தட்டில் இருந்தது. யார் வைக்கச் சொன்னது என்று பரிமாறியவர்கள் சொல்லவில்லை.

அக்டோபரில் கடிதம் வந்தது. வழக்கமான அதே நாலு வரி, வழக்கமான அதே கோணல் கையெழுத்து. கீழே புதிதாக ஐந்தாவது வரி ஒன்று இருந்தது. எஷிம் சாப்பாட்டுக் கூடாரத்தில் அதை உரக்கப் படித்தார்.

"இறக்கை சுற்றுகிற நேரமெல்லாம் அந்தக் குள்ளப் பெண் வால் பக்கம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இந்த அனுமதி செல்லாது."

துர்சுன் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

"ஏஜே" என்றார் எஷிம், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "இனிமே நானே நினைச்சாலும் உங்களை அனுப்ப முடியாது போலிருக்கே."

நூர்ஜமால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கி, அந்த ஒரு வரியை உதடு அசைய இரண்டு முறை படித்தார்.

"குள்ளப் பொண்ணாம்" என்றார். "எழுத்துல போட்டிருக்கார் பாரு, கிழவர்."

வெளியே ஒட்டகத்தின் எந்திரம் உறுமத் தொடங்கியது. அவர் கடிதத்தை மேசையில் வைத்து, பறந்துவிடாமல் அதன்மேல் தேநீர்க் கெட்டிலைத் தூக்கி வைத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டே வெளியே ஓடினார்.